அவர்கள் தரும் வழியில் போய்ச் சரிபார்க்காதீர்கள்: இணைய மோசடியில் சிக்காமல் இருப்பது எப்படி

ஒரு பார்சலுக்காக நான் காத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அந்தக் குறுஞ்செய்தி வந்தது. முகவரியில் ஏதோ குறை, பொருள் கிடங்குக்குத் திரும்பிப் போகப்போகிறது, 12 மணி நேரத்துக்குள் கீழே உள்ள லிங்க்கில் போய்த் திருத்துங்கள் என்று. தட்டினேன். பக்கம் திறந்தது, நிறம், சின்னம், எழுத்து எல்லாம் அச்சு அசல். பெயரையும் முகவரியையும் போட்டேன். அடுத்த பக்கத்தில் மறுபடி கொண்டுவந்து தர ஒரு கட்டணம் கேட்டது, யோசிக்கவே தோன்றாத அளவுக்குச் சின்னத் தொகை. கார்டை எடுத்து 16 இலக்கங்களையும் அடித்துவிட்டு, பின்பக்கத்து மூன்று இலக்க எண்ணைப் பார்க்கத் திருப்பிய நேரத்தில் உள்ளே இருந்து யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். பத்து நிமிஷம் கழித்து வந்து உட்கார்ந்தபோதுதான் திரையின் மேலே இருந்த முகவரி கண்ணில் பட்டது. அந்த நிறுவனத்தின் பெயருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இத்தனைக்கும் வீட்டில் எல்லோருக்கும் 'லிங்க்கைத் தொடாதே' என்று பாடம் எடுக்கிற ஆள் நான். எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் அந்தப் பத்து நிமிஷத்தில் புதிதாகத் தெரிந்துவிடவில்லை, வேகம் மட்டும்தான் குறைந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மோசடிக்காரர்கள் செய்வதெல்லாம் நம்மைக் கொஞ்ச நேரத்துக்கு ஆத்திரக்காரர்களாக ஆக்குவதுதான். பயத்தால் ஆக்குவார்கள், ஆசையால் ஆக்குவார்கள், பாசத்தால் ஆக்குவார்கள், என் விஷயத்தில் ஒரு பார்சலால் ஆக்கினார்கள்.

இன்னொன்றும் அன்று புரிந்தது. எனக்குச் சந்தேகம் வந்திருந்தாலும் நான் எங்கே போய்ச் சரிபார்த்திருப்பேன்? அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த 'உதவி எண்ணுக்கு' ஃபோன் போட்டிருப்பேன். எடுத்திருப்பதும் அவர்கள் ஆளாகவே இருந்திருக்கும். மாறாக, நான் ஆர்டர் போட்ட ஆப்பை நானே திறந்து பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். அதனால் கீழே எத்தனை வகை மோசடியைப் பற்றிச் சொன்னாலும் நான் சுற்றிச் சுற்றி வரப்போவது ஒரே இடத்துக்குத்தான்: செய்தி எந்த வழியாக வந்ததோ அதே வழியில் போய் அதைச் சரிபார்க்கக் கூடாது. வங்கியிலிருந்து என்று ஃபோன் வந்தால் வைத்துவிட்டு, கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்கள் கூப்பிடுங்கள். மின்னஞ்சல் வந்தால் அதை மூடிவிட்டு, முகவரியை நீங்களே அடித்து உள்ளே போங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி முதலில் வருவதை எடுப்பதும் ஆபத்துதான். காசு கொடுத்து விளம்பரமாக மேலே நிற்கும் போலி எண்கள் நிறைய உண்டு.

எழுத்துப்பிழையை நம்பாதீர்கள்

முன்பெல்லாம் 'பிழை பிழையாக எழுதியிருந்தால் மோசடி' என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கிறது. முன்பணம் கேட்கும் மோசடிக்கு '419' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் பிரிவு எண் அது. உத்தி என்னவோ அதைவிடப் பழையது. 19ஆம் நூற்றாண்டிலேயே, 'ஸ்பெயினில் ஒரு பணக்காரர் சிறையில் இருக்கிறார், விடுவிக்கப் பணம் அனுப்பினால் புதையலில் பங்கு' என்று கடிதம் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள். இணையம் வந்ததும் கடிதம் மின்னஞ்சலானது, கைதி இளவரசரானார். சரி, ஊரே சிரிக்கிற இந்தக் கதையை ஏன் இன்னமும் அனுப்புகிறார்கள் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் கோர்மாக் ஹெர்லி 2012இல் ஒரு கட்டுரையே எழுதினார். அவர் சொன்ன காரணம்: அபத்தமாக இருப்பதுதான் வடிகட்டி. சந்தேகப்படுகிறவர்கள் முதல் வரியிலேயே போய்விடுவார்கள், மிஞ்சுகிறவர்களோடு மட்டும் நேரம் செலவழித்தால் போதும்.

அந்தக் கணக்கு இப்போது மாறிவிட்டது. பதில் எழுத மனிதர்களே தேவையில்லை, ஏஐ எழுதிவிடுகிறது, தமிழிலும் பிழையில்லாமல் எழுதுகிறது. உண்மையான அலுவலகங்கள் அனுப்பும் செய்திகளில்தான் இன்று பிழை அதிகம் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. பிழை இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள்.

லிங்க்கைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

இதை ஒருமுறை பழகிக்கொண்டால் ஆயுசுக்கும் போதும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு முகவரி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

உங்கள்வங்கி.காம்.கணக்கு-சரிபார்ப்பு.நெட்/உள்நுழைவு

நம் கண் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியது. 'உங்கள்வங்கி.காம்' என்று பார்த்ததும் மனம் அங்கேயே நிம்மதியாகிவிடும். கணினி அப்படிப் படிப்பதில்லை. முன்னால் இரட்டைச் சாய்கோடு (//) இருந்தால் அதைக் கணக்கில் எடுக்காமல், அதற்கப்புறம் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடது பக்கமாகத் திரும்பி வாருங்கள். கடைசிப் புள்ளிக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது? 'கணக்கு-சரிபார்ப்பு.நெட்'. அதுதான் வீட்டுக்காரர் பெயர். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் அந்த வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு மாட்டிக்கொண்ட பலகைகள், அவற்றில் உங்கள் வங்கியின் பெயரை எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கோ.யூகே மாதிரி சில நாடுகளின் முகவரிகள் இரண்டு துண்டாக முடியும், அங்கே இன்னொரு துண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்புறம் ஒரே மாதிரி தெரியும் எழுத்துகள். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் போலத் தெரியும். பூஜ்யமும் ஓவும் அப்படித்தான். தமிழிலேயே பாருங்களேன், தமிழ் எண்ணில் ஒன்று '௧', எழுத்து 'க'. ஏழு '௭', எழுத்து 'எ'. வேகமாகப் படிக்கும்போது யாருக்கு வித்தியாசம் தெரியும்? 2017இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ரஷ்ய மொழியில் புழங்கும் சிரிலிக் எழுத்துகளை மட்டும் வைத்து ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியைப் போலவே ஒன்றைப் பதிவுசெய்து காட்டினார். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் அது அசல் மாதிரியே தெரிந்தது. குரோம் பிறகு அதைச் சரிசெய்தது. ஆனால் பாடம் பாடம்தான், கண்ணை மட்டும் நம்ப முடியாது.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் சொன்னோம். அதன் அர்த்தம் உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே. எதிரில் இருப்பவன் யோக்கியனா என்பதைப் பூட்டு சொல்லாது. திருடனோடு ரகசியமாகப் பேசினாலும் பூட்டு வரும். இந்தக் குழப்பம் போகட்டும் என்றுதான் 2023இல் குரோம் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

இதற்கெல்லாம் ஒரு சோம்பேறி வழியும் இருக்கிறது, நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்: பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானாக நிரப்பும் பாஸ்வேர்ட் மேனேஜர். நீங்கள் ஏமாந்தாலும் அது ஏமாறாது, ஏனென்றால் அது சின்னத்தையும் நிறத்தையும் பார்ப்பதே இல்லை, முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது. வழக்கமாகத் தானாக நிரம்பும் பாஸ்வேர்ட் ஒருநாள் நிரம்பாமல் இருந்தால் எரிச்சலோடு கையால் அடிக்கப் போகாதீர்கள், நின்று மேலே பாருங்கள். க்யூஆர் கோட் விஷயத்திலும் இதே ஜாக்கிரதை வேண்டும். அதுவும் ஒரு லிங்க்தான், கண்ணால் படிக்க முடியாத லிங்க். ஸ்கேன் செய்ததும் கேமரா காட்டும் முகவரியைப் படித்துவிட்டுத் திறங்கள்.

அனுப்பியவர் பெயர் எதையும் நிரூபிக்காது

மின்னஞ்சல் அனுப்பும் முறைக்கு 1982இல் விதி எழுதியபோது அனுப்புகிறவர் யார் என்று சோதிக்க எந்த ஏற்பாடும் அதில் இல்லை. கடித உறையின் பின்னால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அந்த மாதிரி. பிற்பாடு சோதனைகளைச் சேர்த்தார்கள். ஆனாலும் திரையில் பெரிதாகத் தெரியும் 'பெயர்' என்பது இன்றும் அனுப்புகிறவர் எழுதுவதுதான். பெயரைத் தட்டினால் பின்னால் இருக்கும் முழு முகவரி தெரியும், மேலே சொன்னபடி வலமிருந்து படியுங்கள். ஃபோனில் தெரியும் எண்ணையும் போலியாகக் காட்ட முடியும். குறுஞ்செய்தி இன்னும் மோசம்: உங்கள் வங்கி வழக்கமாக அனுப்பும் அதே பெயரைப் போட்டு எவனாவது அனுப்பினால், பழைய உண்மையான செய்திகளுக்குக் கீழேயே அதுவும் வந்து உட்காரக்கூடும். அதே வரிசையில் வந்தது, அதனால் உண்மைதான் என்று வாதாடியவர்களை எனக்குத் தெரியும்.

ஆறு இலக்க எண்

என் அக்காவுக்கு ஒருநாள் அவள் தோழியின் வாட்ஸ்அப்பிலிருந்து செய்தி வந்தது. 'வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்? தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஒரு 6 இலக்கக் குறியீடு அனுப்பிவிட்டேன், தயவுசெய்து அதை எனக்கு அனுப்ப முடியுமா?' படம் தோழியுடையது, எண்ணும் தோழியுடையது. அக்காவுக்கு இடித்தது ஒரே விஷயம்தான். முப்பது வருஷமாக வாடி போடி என்று கூப்பிடுகிறவள் எதற்கு இன்றைக்கு 'இருக்கிறீர்கள்' என்கிறாள்? வாட்ஸ்அப்பில் கேட்காமல் நேரே ஃபோன் போட்டாள். "ஐயோ, அனுப்பிடாதடி, என் அக்கவுண்டே போயிடுச்சு, காலையிலேர்ந்து நாலு பேர் கூப்பிட்டுட்டாங்க" என்றாளாம் தோழி.

நடந்தது என்னவென்றால், மோசடிக்காரன் தன் ஃபோனில் வாட்ஸ்அப்பை நிறுவி, அக்காவின் எண்ணைப் போட்டிருக்கிறான். அதைத் திறக்கும் சாவி அக்காவின் ஃபோனுக்கு வரும் அந்த ஆறு எண். கொடுத்தால் அக்காவின் கணக்கு அவன் கைக்குப் போகும், அடுத்து அக்காவின் பெயரில் எங்கள் எல்லோரிடமும் 'அவசரமாகக் கொஞ்சம் பணம் வேண்டும்' என்று கேட்பான். இதைத் தடுக்க வாட்ஸ்அப் அமைப்புகளில் 'இரண்டு படி சரிபார்ப்பு' என்று ஒன்று இருக்கிறது, உள்ளே போய் ஒரு ரகசிய எண் வைத்துவிடுங்கள். படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே செய்தாலும் நல்லதுதான், ஒரு நிமிஷ வேலை.

ஓடிபி விஷயத்தில் ஒரு நுணுக்கம். 'யாரிடமும் சொல்லாதே' என்று எல்லோருக்கும் மனப்பாடம், அதனால் இப்போது வாயால் கேட்பது குறைந்து, போலிப் பக்கத்தில் அடிக்கச் சொல்கிறார்கள். நீங்கள் அடித்த அதே வினாடி அது அசல் தளத்துக்குப் போய்விடும். ஆகவே அந்தச் செய்தியில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். எவ்வளவு பணம், யாருக்கு, எதற்கு என்று பல சமயம் அதிலேயே இருக்கும், நாம் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிறோம். முக்கியமான கணக்குகளுக்கு, முதலில் மின்னஞ்சலுக்கு, பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஃபோன் பூட்டைத் திறந்தே உள்நுழையும் முறை) அல்லது சாவி மாதிரி செருகும் பாதுகாப்புக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. போலித் தளத்தில் அவை வேலையே செய்யாது. கூகுள் 2017 தொடக்கத்தில் தன் ஊழியர்கள் 85,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு ஒருவருடைய அலுவலகக் கணக்கும் ஃபிஷிங்கில், அதாவது போலிச் செய்தியும் போலித் தளமும் வைத்து விவரங்களைத் திருடும் மோசடியில், பறிபோகவில்லை என்று 2018இல் சொன்னது.

ஃபோனை வைக்காதே என்றால் உடனே வையுங்கள்

காவல்துறை, சுங்கம், வரி அலுவலகம், தொலைபேசி நிறுவனம், கணினி நிறுவனம் என்று வேஷம் எதுவாகவும் இருக்கலாம். உங்கள் பெயரில் ஒரு பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டது, உங்கள் கணக்கில் கறுப்புப் பணம் ஓடுகிறது, உங்கள் கணினியில் வைரஸ். பிறகு மேலதிகாரிக்கு மாற்றுவார்கள், வீடியோவில் சீருடையும் பின்னால் கொடியும் தெரியும். கதையைவிட அவர்கள் போடும் நிபந்தனையைக் கவனியுங்கள்: வீட்டில் யாரிடமும் சொல்லாதே, அறைக் கதவைச் சாத்து, அழைப்பைத் துண்டிக்காதே. சத்தமாக ஒருமுறை வேறொருவரிடம் சொன்னால் கதை நிற்காது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எந்த நாட்டுக் காவல்துறையும் வீடியோ காலில் ஒருவரைக் கைதுசெய்து வைப்பதில்லை, எந்த வரி அலுவலகமும் கிஃப்ட் கார்டில் அபராதம் வாங்குவதில்லை. பணம் கேட்கும் விதமே காட்டிக்கொடுத்துவிடும். கிஃப்ட் கார்டு, கிரிப்டோ, முன்பின் தெரியாத தனிநபர் கணக்கு, இவை மூன்றும் பணத்தைத் திரும்ப வாங்குவது ரொம்பக் கஷ்டமான வழிகள், அதனால்தான் அவற்றைக் கேட்கிறார்கள்.

எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி தொலைவிலிருந்து திரையை இயக்கும் ஆப்பை நிறுவச் சொன்னால் அங்கேயே முற்றுப்புள்ளி. அந்த ஆப்கள் தப்பானவை இல்லை, நிஜமாகவே அலுவலகங்களில் பயன்படுகின்றன. ஆனால் தானாக உங்களைக் கூப்பிட்ட ஒருவருக்கு அதைத் திறந்துவிடுவது வீட்டுச் சாவியையும் கொடுத்து நாற்காலியும் போட்டுக்கொடுப்பது மாதிரி.

மெதுவாக வரும் மோசடி

அவசரம்தான் அறிகுறி என்றேன், அதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு. மாதக்கணக்கில் அவசரமே படாதவர்கள் இருக்கிறார்கள். தவறான எண்ணுக்கு வந்த 'ஹலோ' ஒன்றில் தொடங்கும், மன்னிப்பு, நலம் விசாரிப்பு, தினமும் காலை வணக்கம், அப்புறம் நட்போ காதலோ. பணம் என்ற பேச்சே வராது. ஒருநாள் பேச்சோடு பேச்சாக, என் மாமா சொன்ன ஒரு டிரேடிங் ஆப்பில் கொஞ்சம் போட்டேன் என்று வரும். கொழுக்க வைத்து வெட்டுவது என்ற அர்த்தத்தில் 'பன்றி வெட்டு' என்று இதற்கு ஒரு பெயர் பரவியது. ஏமாந்தவர்களை அது கேவலப்படுத்துகிறது, அந்தப் பெயரை விட்டுவிடுங்கள் என்று இன்டர்போல் 2024 டிசம்பரில் கேட்டுக்கொண்டது. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இதில் பலரையும் வீழ்த்துவது ஒரு சின்னச் சோதனை. சந்தேகப்பட்டு, கொஞ்சமாகப் பணம் போட்டு, கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். வரும்! லாபத்தோடு வரும். அந்தத் தொகை அவர்கள் போடும் தூண்டில் புழு. ஆப்பில் தெரியும் எண்கள் யாரோ அடித்து வைத்தவை, பின்னால் ஒரு பங்கும் இல்லை, சந்தையும் இல்லை. பெரிய தொகையைப் போட்டுவிட்டு எடுக்கப் போகும்போது 'முதலில் வரி கட்டு', 'கணக்கு முடங்கியிருக்கிறது, திறக்கக் கட்டணம்' என்று ஆரம்பிப்பார்கள். இந்த ஒரு வரியை மட்டும் யாராவது வெட்டி எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டால் சந்தோஷப்படுவேன்: உங்கள் பணத்தை எடுப்பதற்கே நீங்கள் மேலும் பணம் கட்ட வேண்டும் என்றால் அந்தப் பணம் ஏற்கனவே போய்விட்டது. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று வரும் 'பகுதிநேர வேலை'யும் இதே அச்சில் வார்த்ததுதான். முதல் இரண்டு நாள் சம்பளம் வரும், மூன்றாம் நாள் 'டாஸ்க்' திறக்க முன்பணம் கேட்கும்.

மறுபக்கம் அந்தக் காலை வணக்கத்தை அடிப்பவர் யார் தெரியுமா? 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி வேலைகளைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்படும் நிலையில் இருக்கலாம். வெளிநாட்டில் நல்ல வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போய்ப் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர்கள் அவர்களில் பலர். ஆக, 'கணினி தெரிந்தால் போதும், கை நிறையச் சம்பளம், விமான டிக்கெட் நாங்களே' என்று அந்தப் பக்கத்து நாடுகளிலிருந்து வரும் வேலை அழைப்பையும் மோசடிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இழப்பது பணத்தோடு முடியாது.

குரலும் முகமும்

2024இல் ஹாங்காங்கில் ஒரு பன்னாட்டுப் பொறியியல் நிறுவனத்தின் ஊழியருக்கு நடந்ததை யோசித்துப் பாருங்கள். நிதித் தலைவர் பெயரில் ரகசியப் பரிவர்த்தனை பற்றி ஒரு செய்தி வந்தது. அவருக்கு முதலில் சந்தேகம் வந்தது. பிறகு ஒரு வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள். உள்ளே நிதித் தலைவரும் தெரிந்த முகங்களும் இருந்தார்கள். சந்தேகம் தீர்ந்தது. 20 கோடி ஹாங்காங் டாலர், அதாவது சுமார் 2.5 கோடி அமெரிக்க டாலர், பல தவணைகளில் அனுப்பினார். கூட்டத்தில் அவரைத் தவிர எல்லோரும் ஏஐ உருவாக்கிய போலி உருவங்கள். அவர் சரிபார்க்காமல் இல்லை, அவர்கள் அனுப்பிய அழைப்பின் உள்ளே போய்ச் சரிபார்த்தார், அதுதான் வினை. நிதித் தலைவரின் எண்ணை அலுவலகப் பட்டியலில் எடுத்து ஒரு ஃபோன் போட்டிருந்தால் கதை வேறு.

குடும்பத்துக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். மகன் குரலில் 'அம்மா, விபத்து, உடனே பணம் அனுப்பு' என்று வந்தால் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். ஃபேஸ்புக்கில் இருக்கும் பிறந்தநாள், நாய்க்குட்டி பெயரெல்லாம் வேண்டாம், வீட்டுக்குள் மட்டும் புழங்கும் ஏதோ ஒரு கிண்டல் பெயர் போதும். அதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிப் பகிராதீர்கள், நேரில் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பழைய பாஸ்வேர்டை எழுதி, 'உன் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது, கிரிப்டோ அனுப்பு' என்று மிரட்டும் மின்னஞ்சலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எப்போதோ கசிந்த ஒரு தளத்திலிருந்து எடுத்த பாஸ்வேர்ட் அது, பதிவு எதுவும் பெரும்பாலும் கிடையாது. டிராய் ஹண்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் மின்னஞ்சல் எந்தக் கசிவுகளில் வந்திருக்கிறது என்று இலவசமாகப் பார்க்கலாம். இன்னும் அந்தப் பாஸ்வேர்டையே வைத்திருந்தால் மாற்றுங்கள், பதில் போடாதீர்கள்.

மாட்டிக்கொண்டால்

முதலில் வங்கி. யோசிக்க, அழ, திட்ட எல்லாம் அப்புறம் நேரம் இருக்கிறது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், முதல் சில மணி நேரத்தில் சொன்னால் நடுவில் எங்காவது நிறுத்த வாய்ப்பு உண்டு. கார்டை முடக்குங்கள். ரிமோட் ஆப் நிறுவியிருந்தால் இணையத்தைத் துண்டித்து, வேறொரு ஃபோனிலிருந்து மின்னஞ்சலின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றும் வழி அந்த மின்னஞ்சல்தான். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட், எண், பரிவர்த்தனை எண் எல்லாம் வேண்டும், உங்கள் நாட்டின் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கும்போது கேட்பார்கள்.

அடுத்த சில வாரங்களில் ஒருவர் வருவார். வக்கீல் என்பார், ஹேக்கர் என்பார், போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்பார், கட்டணம் மட்டும் முன்னால் தர வேண்டும். அதே கும்பல்தான், இல்லையென்றால் அவர்களிடம் பட்டியல் வாங்கியவர்கள். ஒருமுறை ஏமாந்தவர் பெயர் விலைபோகும்.

வீட்டில் ஒருவர் ஏமாந்துவிட்டு வந்து சொன்னால், தயவுசெய்து 'பேராசை பெருநஷ்டம்' என்று ஆரம்பிக்காதீர்கள். லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டஸ் ரிமாசௌஸ்கஸ் என்ற ஒரு ஆள் 2013க்கும் 2015க்கும் இடையில் போலி பில் அனுப்பியே கூகுளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்கு மேல் கறந்திருக்கிறார். 2019இல் அவருக்கு ஐந்து ஆண்டு சிறை. அந்த நிறுவனங்களுக்கே அடி சறுக்கியிருக்கிறது. திட்டு வாங்குவோம் என்ற பயத்தில் இரண்டு நாள் மறைத்து வைத்த பணம்தான் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

என் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் கடைசிப் பொத்தானை அழுத்தவில்லை, மூன்று இலக்கத்தையும் கொடுக்கவில்லை. ஆனாலும் சில போலிப் பக்கங்கள் அடிக்க அடிக்கவே எழுத்துகளை எடுத்துக்கொள்ளும், அழுத்தும்வரை காத்திருக்காது. அதனால் அன்றே வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை ரத்து செய்தேன். எதிர்முனையில் இருந்த பெண் என்ன நடந்தது என்று கேட்டாள், சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னேன். பார்சல் இரண்டு நாள் கழித்து வந்தது. முகவரி சரியாகத்தான் இருந்தது.